கையெழுத்துப் போட்டால் போதுமா? வாதாடவும் கற்றுக்கொடுங்கள்!

நம் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்குள்ளே நுழைந்துவிட்டார்கள். இது சாமானியமான காரியமல்ல. 2021-22ஆம் ஆண்டு எடுத்த அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதிலே உள்ள நூறு பேருக்கு 47 பேர் என்ற விகிதத்தில் தமிழ்நாட்டிலே உயர்கல்வி படித்தார்கள். இந்தியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 28 பேர்தான். நெசவுத் தறியிலே உட்கார்ந்தவர் மகன், சுமை தூக்கியவர் மகள், வயலிலே நாற்று நட்டவள் பேத்தி இன்று பட்டம் வாங்குகிறார்கள். கல்லூரி வாசலைத் திறக்க எத்தனை பேர் பாடுபட்டார்கள், எத்தனை காலம் போராடினார்கள் என்பது தோழர்களுக்குத் தெரியாததல்ல.

வாசல் திறந்துவிட்டது. உள்ளே போன பிள்ளைக்கு அங்கே என்ன கொடுக்கிறார்கள் என்று நாம் கேட்டோமா? அதைத்தான் இன்று கேட்க வேண்டியிருக்கிறது.

மூன்று ஆண்டு படித்துப் பட்டம் வாங்கி வந்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, “தம்பி, நம் ஊர் ஏரிக்குத் தண்ணீர் ஏன் வருவதில்லை என்று விசாரித்து, ஆதாரத்தோடு ஐந்து பக்கம் எழுதிக் கொடு” என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் எழுதுவார்கள்? எழுதக்கூடியவர்கள் சிலர் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. பெரும்பாலோர் திகைத்து நிற்பார்கள். அவர்களுக்கு அறிவில்லை என்பதா காரணம்? இல்லை. அந்த வேலையைச் செய்ய அவர்களுக்கு யாரும் ஒரு நாளும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதே காரணம்.

நோட்ஸ் கல்வி

கல்லூரியிலே நடப்பது என்ன? ஆசிரியர் நோட்ஸ் சொல்லுகிறார், பிள்ளை எழுதுகிறது. பரீட்சைக்கு முன்னாலே கைடு வாங்குகிறது, மனப்பாடம் செய்கிறது. ‘காரணங்களைக் கூறுக’ என்று கேள்வி வந்தால், நோட்ஸிலே இருந்த ஆறு காரணங்களையும் ஒன்று இரண்டு என்று எண் போட்டு எழுதுகிறது. அந்த ஆறும் சரிதானா, ஏழாவது ஒன்று உண்டா, இரண்டாவதும் ஐந்தாவதும் ஒன்றுக்கொன்று முரண்படுகிறதே என்று எண்ணிப் பார்க்க அந்த விடைத்தாளிலே இடமில்லை. எண்ணிப் பார்த்து எழுதினாலும் அதற்கு மதிப்பெண் இல்லை!

கடைசி ஆண்டிலே ‘புராஜெக்ட்’ என்று ஒன்று வருகிறது. ஆராய்ச்சி செய்து எழுத வேண்டுமாம். எப்படிச் செய்வது என்று சொல்லித் தந்தவர் யார்? பிள்ளை எங்கே போகிறது? ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது. போன ஆண்டு ஒருவர் எழுதியது அங்கே கம்ப்யூட்டரிலே இருக்கிறது. பெயர் மாறுகிறது, ஊர் மாறுகிறது, பச்சை அட்டைக்குப் பதில் சிவப்பு அட்டை போட்டுப் பொன் எழுத்திலே பைண்டிங் ஆகிறது. கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும், கையெழுத்திட்டுத் தேர்ச்சி போடுபவருக்கும் தெரியும். ஆனால் எல்லோரும் வாய்மூடி இருக்கிறார்கள்.

இதிலே நஷ்டம் யாருக்கு? வசதி படைத்தவன் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டிலே புத்தகம் உண்டு. சாப்பாட்டு மேசையிலே விவாதம் உண்டு. போதாதென்றால் வெளிநாட்டுக் கல்லூரி உண்டு. அவன் எங்கேயாவது கற்றுக்கொள்வான். நம் பிள்ளைக்குக் கல்லூரியை விட்டால் வேறு இடம் கிடையாது. அங்கேயும் கிடைக்காவிட்டால் அந்த மூன்று ஆண்டும் போனது போனதுதான்.

எழுத்தறியாத பாட்டன், அடுத்தவர் எழுதிய காகிதத்திலே கைநாட்டு வைத்தார். அதிலே என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. பட்டதாரிப் பேரன், அடுத்தவர் எழுதிய புராஜெக்டிலே கையெழுத்துப் போடுகிறான். கைநாட்டு கையெழுத்தாக மாறியிருக்கிறது. அடுத்தவர் எழுதுவது மட்டும் மாறவில்லை!

தண்டனை உண்டு, பாடம் இல்லை

பல்கலைக்கழக மானியக் குழு சும்மா இருக்கவில்லை என்பார்கள். உண்மைதான். 2018ஆம் ஆண்டு அது ஒரு விதி கொண்டுவந்தது. ஆய்வேட்டிலே பிறர் எழுத்தோடு பொருந்தும் பகுதி பத்து சதவிகிதம் வரை இருந்தால் தண்டனையில்லை. அதற்கு மேல் நாற்பது வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபது வரை என்றால் ஓராண்டு தடை. அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து.

திருட்டைத் தடுக்க வேண்டியதுதான். அதிலே நமக்கு மறுப்பில்லை. ஆனால் சதவிகிதம் எண்ணுகிற மெஷின், வார்த்தைகள் ஒத்திருக்கின்றனவா என்றுதான் பார்க்கிறது. இந்த ஏட்டிலே ஒரு கேள்வி இருக்கிறதா, அதற்கு விடை இருக்கிறதா, விடைக்கு ஆதாரம் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. ஆகவே என்ன நடக்கிறது? வார்த்தையை மட்டும் மாற்றிப் போடுகிற வித்தை வளர்கிறது. நீந்தக் கற்றுக்கொடுக்காமல் கிணற்றிலே தள்ளிவிட்டு, முங்கியவனுக்கு அபராதம் போடுவது என்ன நியாயம்?

இப்போது இன்னொன்றும் வந்துவிட்டது. 2022ஆம் ஆண்டு முடிவிலே சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, கேள்வியைத் தட்டினால் கட்டுரை வந்து விழுகிறது. வாக்கியம் சுத்தமாக இருக்கிறது. சில வேளைகளில் இல்லாத புத்தகத்தை இருப்பதாகவும் அது சொல்லுகிறது. அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், ஆதாரத்தைத் தேடிப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவன் கையிலே அந்த யந்திரம் ஜெராக்ஸ் கடையின் பெரிய அண்ணன், வேறொன்றுமில்லை.

வாதம் என்றால் கூச்சலா?

வாதாடுவது என்றால் சண்டை போடுவது, மேசையைத் தட்டுவது, எதிரியை ஏசுவது என்று சிலர் எண்ணுகிறார்கள். தொழிலாளத் தோழர்கள் அப்படி எண்ண மாட்டார்கள். ஏனென்றால் வாதம் இல்லாமல் அவர்கள் பிழைப்பு நடக்காது.

ஒரு தொழிலாளிக்கு மெமோ வருகிறது: “மூன்று நாள் சொல்லாமல் வேலைக்கு வரவில்லை, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?” பதிலிலே, “ஐயா, நான் நிரபராதி, குடும்பஸ்தன், கருணை காட்டுங்கள்” என்று எழுதினால் வேலை போய்விடும். விஷயம் தெரிந்த சங்கச் செயலாளர் என்ன செய்கிறார்? முதல் நாள் லீவு லெட்டர் யாரிடம் கொடுத்தாய் என்று கேட்கிறார். இ.எஸ்.ஐ. டாக்டர் சீட்டை எடுத்து வரச் சொல்லுகிறார். வருகைப் பதிவேட்டு நகல் கேட்கிறார். இதே குற்றத்துக்கு மற்றவனுக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள் என்று பழைய ஃபைலைத் தேடுகிறார். “டாக்டர் சீட்டு பிந்தி வாங்கியது” என்று நிர்வாகம் சொல்லக்கூடும் என்று முன்கூட்டியே நினைத்து, அதற்கும் பதில் எழுதிவைக்கிறார்.

ஒன்று, என் கட்சி இன்னது. இரண்டு, அதற்கு ஆதாரம் இன்னது. மூன்று, இந்த ஆதாரத்திலிருந்து அந்த முடிவு எப்படி வருகிறது என்ற விளக்கம். நான்கு, எதிர்த்தரப்பு சொல்லக்கூடியது இன்னது, அதற்கு என் மறுமொழி இன்னது. இந்த நான்கும்தான் வாதம். ஆதாரத்தைத் தேடி எடுப்பதுதான் ஆராய்ச்சி. போனஸ் பேச்சுக்கு முன்னாலே கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டை வரி வரியாகப் படிக்கிற தோழர் செய்வதும் ஆராய்ச்சிதான். அனுபவத்திலே அடிபட்டு அவர் கற்றதை, கல்லூரியிலே முறையாகக் கற்றுக்கொடுக்க முடியாதா?

முடியும். முடிந்ததற்கு அத்தாட்சி வேண்டுமானால் நூறாண்டுக்கு முன்னால் எழுதிய ஒரு மாணவனின் கட்டுரையைப் பார்ப்போம்.

இருபத்தைந்து வயது மாணவன்

1916ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் தேதி. நியூயார்க் நகரம், கொலம்பியா பல்கலைக்கழகம். கோல்டன்வைசர் என்ற மானிடவியல் பேராசிரியர் நடத்திய கருத்தரங்க வகுப்பு. அதிலே ஓர் இந்திய மாணவர் எழுந்து தன் கட்டுரையைப் படித்தார். வயது 25. பட்டாளத்துச் சுபேதாரின் மகன். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மகார் சமூகத்திலே பிறந்தவர். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையிலே 1913இல் அங்கே படிக்கப் போனவர். பெயர் பீமராவ் அம்பேத்கர். கட்டுரையின் பொருள், இந்தியாவிலே சாதி எப்படி இயங்குகிறது, எப்படித் தோன்றியது, எப்படி வளர்ந்தது என்பது. மறு ஆண்டு, 1917 மே மாதம், ‘இந்தியன் ஆன்டிகுவரி’ என்ற ஆய்வு ஏட்டிலே அது அச்சேறியது.

சாதியின் கொடுமையைத் தன் உடம்பிலே அனுபவித்தவர் அவர். பள்ளியிலே தள்ளி உட்கார வைக்கப்பட்டவர். அந்தக் கட்டுரையிலே அவர் அழுதிருக்கலாம், ஆத்திரப்பட்டிருக்கலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் தன் சொந்தத் துன்பத்தை ஆதாரமாக வைக்கவில்லை. என்ன செய்தார் என்று பாருங்கள்.

முதலிலே, தனக்கு முன்னால் சாதியைப் பற்றி எழுதியவர்கள் என்ன சொன்னார்கள் என்று தேடினார். செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேத்கர் ஆகிய நால்வர் கொடுத்த விளக்கங்களை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் உரைத்துப் பார்த்தார். தீட்டு என்பதே சாதியின் உயிர்நாடி என்றால் அது பொருந்தாது. தீட்டு புரோகிதச் சடங்கோடு ஒட்டி வந்தது, அது இல்லாமலும் சாதி இயங்கும் என்றார். பிற சாதியாரோடு கலந்து உண்ணாமை என்றால், அது விளைவு. விளைவைக் காரணம் என்று கொள்ளக் கூடாது என்றார். கேத்கர் சொன்னது மற்றவர்களைவிட மேல் என்று தயங்காமல் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு, அவர் சொன்ன கலப்பு மணத் தடையும் பிறப்பால் வரும் உறுப்பினர் உரிமையும் இரண்டு இலக்கணங்கள் அல்ல, ஒன்றின் இரு பக்கங்களே என்று திருத்தினார்.

பிறகு தன் கட்சியை நாட்டினார். தன் கூட்டத்துக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் அகமணந்தான் சாதியின் உயிர்நாடி என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, சோதித்துக் காட்டினார். ஒரு கூட்டம் தன்னை அடைத்துக்கொள்ள வேண்டுமானால், அதிலே மணவயதுள்ள ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையிலே இருக்க வேண்டும். கணவன் செத்தால் ஒரு பெண் உபரி. மனைவி செத்தால் ஓர் ஆண் உபரி. உபரியானவர் வெளியே மணந்தால் அடைப்பு உடைந்துவிடும். ஆகவே விதவையைச் சிதையிலே ஏற்று, அல்லது வாழ்நாள் முழுதும் கைம்மையிலே நிறுத்து. மனைவியை இழந்தவனுக்குச் சிறுமியைக் கட்டிவை. உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் எதற்காக வந்தன என்ற கேள்விக்கு ஒரே காரணத்தால் விடை சொன்னார். அவற்றைப் புண்ணியம் என்று போற்றிய விளக்கங்களெல்லாம் பின்னாலே வந்தவை என்றார்.

எதிர்த்தரப்பையும் அவர் விடவில்லை. மனு சாதியை உண்டாக்கினான் என்பார்களே, அதற்கு என்ன பதில்? தனி மனிதன் ஒருவன் ஒரு தேசத்தின் தலையிலே இவ்வளவு பெரிய அமைப்பைக் கட்டிவிட முடியாது. முன்பே இருந்ததை மனு சட்டமாக்கினான் என்று வாதித்தார். மனுவை ஏச அவருக்கு எவ்வளவோ காரணம் இருந்தது. ஆனாலும் செய்யாத காரியத்தை மனுவின் மேல் சுமத்த அவர் உடன்படவில்லை! அதுதான் ஆராய்ச்சியாளனின் நாணயம். கடைசியிலே, தன் கருத்து தவறென்று காட்டினால் அதைக் கைவிடவும் தயார் என்று எழுதி முடித்தார்.

இது வானத்திலிருந்து வந்த வரமா? இல்லை, தோழர்களே! அந்த மாணவருக்கு உழைப்பு இருந்தது, அறிவு இருந்தது. அதோடு நூலகம் இருந்தது. எழுதியதைச் சக மாணவர் முன்னிலையிலே படித்து, கேள்விக்கு நின்று பதில் சொல்லும் கருத்தரங்க வகுப்பு இருந்தது. பின்னாளிலே ரூபாயின் பிரச்சினையைப் பற்றி ஆய்வு நூல் எழுதி 1923இல் வெளியிட்டார். 1925இல் நாணய ராயல் கமிஷன் முன்னால் சாட்சியம் சொன்னார். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக, ஒவ்வொரு பிரிவுக்கும் எழுந்த எதிர்ப்புகளுக்கு எழுந்து நின்று பதில் சொன்னார். அந்த ஆயுதம் கல்லூரி வகுப்பிலே வடித்தது என்பதை மறக்கக் கூடாது.

நம்மிடம் இல்லாததா?

இதெல்லாம் அமெரிக்காக்காரன் வித்தை, நமக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால், நன்னூலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். 13ஆம் நூற்றாண்டிலே பவணந்தி எழுதிய இலக்கணம் அது. அதன் பாயிரத்திலே நூலாசிரியன் கொள்ளும் மதம் ஏழு என்று கணக்குச் சொல்லியிருக்கிறது. பிறர் கருத்தை ஒப்புக்கொள்வது, மறுப்பது, முதலில் ஏற்றுப் பிறகு தள்ளுவது, தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துவது, இருவர் முரண்பட்டால் ஒன்றைத் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, யாரோடும் ஒட்டாமல் தன் கருத்தைக் கொள்வது. கேத்கர் விஷயத்திலும் மனு விஷயத்திலும் அம்பேத்கர் செய்தது இந்த ஏழிலே எங்கே அடங்குகிறது என்று தோழர்களே பொருத்திப் பார்க்கலாம்.

மணிமேகலையிலே அறவண அடிகள், எது சரியான ஏது, எது போலி ஏது என்று விரித்துச் சொல்லுகிறார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தனக்கு முன்னால் எழுதிய இளம்பூரணரை இடத்துக்கு இடம் மறுத்துக் காரணம் காட்டுகிறார். முன்னோர் சொன்னது என்பதற்காக அவர் தலையாட்டவில்லை.

அந்தக் காலத்திலே இந்தக் கல்வி ஒரு சிலர் கையிலே இருந்தது. இன்று எல்லோரும் படிக்கிறோம். ஆனால் எப்படிப் படிக்கிறோம்? ஏழு மதங்களின் பெயரை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறான் மாணவன். அந்த ஏழிலே ஒன்றையாவது அவன் கையாலே செய்து பார்க்கச் சொன்ன பரீட்சை உண்டா?

ஆட்சேபணைகள்

ஆராய்ச்சி ஆங்கிலத்திலேதான் எழுத முடியும் என்பார்கள். ஆங்கிலம் வேண்டும், உலகத்து நூல்களைப் படிக்க அது தேவை. ஆனால் சிந்திப்பதைத் தன் மொழியிலே சிந்தித்து எழுதிப் பழகாதவன், அறியாத மொழியிலே என்ன எழுதுவான்? காப்பிதான் அடிப்பான். வாதம் தமிழிலே பழகிவிட்டால் ஆங்கிலத்துக்கு அதைக் கொண்டுபோவது இரண்டாவது வேலை.

ஏழைப் பிள்ளைக்கு வேலை வேண்டும், கட்டுரை எதற்கு என்பார்கள். வேலை வேண்டும்தான். ஆனால் ஆபீஸிலே அடுத்தவன் எழுதியதை டைப் அடிப்பவனாக மட்டும் நம் பிள்ளை இருக்க வேண்டும், தீர்மானிக்கிற குறிப்பை எழுதுபவன் வேறொருவனாக இருக்க வேண்டும் என்பதல்லவா இதன் பொருள்? பழைய வருணாசிரமத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மூன்றாவது ஆட்சேபணை நியாயமானது. ஒரு வகுப்பிலே அறுபது பேர். அரசுக் கல்லூரிகளிலே நிரந்தரப் பேராசிரியர் பணியிடம் நிரம்பாமல், கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு காலம் தள்ளுகிறார்கள். குறைந்த சம்பளத்துக்கு, நாளை வேலை உண்டோ இல்லையோ என்று நிற்கிற ஒருவரை, அறுபது கட்டுரையைத் திருத்து என்றால் எப்படித் திருத்துவார்? இதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டு, பணியிடங்களை நிரப்பு என்று கேட்கவும் வேண்டும். ஆசிரியர் போராட்டம் வேறு, மாணவர் கல்வி வேறு அல்ல.

செய்ய வேண்டியது என்ன?

முதலாண்டிலேயே தொடங்க வேண்டும். பருவத்துக்கு ஒரு கேள்வி போதும். கேள்வி சொந்த ஊரிலே இருந்து வரட்டும்: எங்கள் தெருவுக்குக் குடிநீர் ஏன் நான்கு நாளுக்கு ஒரு முறை வருகிறது? கடைசி பஸ்ஸை ஏன் நிறுத்தினார்கள்? மூன்று பக்கம் எழுதட்டும். எழுதியதை வகுப்பிலே படிக்கட்டும். மற்ற மாணவர் கேள்வி கேட்கட்டும். ஆசிரியர் குறை காட்டித் திருப்பிக் கொடுக்கட்டும். மாணவன் திருத்தி மறுபடி எழுதட்டும். முதல் பிரதிக்கும் இரண்டாம் பிரதிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மதிப்பெண் போடட்டும். ஜெராக்ஸ் கடையிலே இந்தச் சரக்கு கிடைக்காது!

ஆதாரத்துக்கு எங்கே போவது? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலே வந்தது. பத்து ரூபாய் கட்டணத்திலே மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். எழும்பூரிலே ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. கோட்டூர்புரத்திலே 2010இலும் மதுரையிலே 2023இலும் பெரிய நூலகங்கள் திறந்தார்கள். அவற்றுக்குள்ளே மாணவனை அழைத்துப் போய், எந்தப் புத்தகத்திலே எதைத் தேடுவது என்று காட்டுவதும் பாடமாக வேண்டும்.

கல்லூரி செய்யட்டும் என்று நாம் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. ஊர்தோறும் நமக்குப் படிப்பகம் உண்டு. மாதம் ஒரு நாள், ஊர்ப் பட்டதாரி ஒருவர் ஒரு விஷயத்தை ஆராய்ந்து எழுதிப் படிக்கட்டும். கிளைத் தோழர்கள் கேள்வி கேட்கட்டும். அங்கே ஒரு கட்டுப்பாடு வேண்டும்: “நம் தலைவர் சொன்னார்” என்பது ஆதாரம் ஆகாது. தலைவர் எதைக் கண்டு சொன்னார் என்று தேடி அதை வைக்க வேண்டும். மாற்றான் கருத்தை, அவனே கேட்டு, “ஆம், நான் சொன்னது இதுதான்” என்று ஒப்பும்படி எடுத்துச் சொன்ன பிறகே மறுக்க வேண்டும். அப்படிப் பழகிய தோழரை எந்த மேடையிலும் யாரும் மடக்க முடியாது. பழகாதவர் கைதட்டலை மட்டும் நம்பி நிற்பார். எதிர்க்கேள்வி வந்தால் இறங்கிவிடுவார்.

நமக்கு எதிராக வருகிற எல்லாமே காகிதத்திலேதான் வருகின்றன. நிலத்தை எடுக்கும் நோட்டீஸ் காகிதம். வேலையை எடுக்கும் மெமோ காகிதம். ஆலைக் கழிவை ஆபத்தில்லை என்று சொல்லும் அறிக்கையும் காகிதம். காகிதத்துக்குக் காகிதத்தாலே பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவர் நமக்கு வேண்டும். அவர்களை உண்டாக்குவதுதான் கல்லூரியின் வேலை. அந்த வேலையைச் செய் என்று கேட்பது, கட்டணம் கட்டுகிற, வரி கட்டுகிற, பிள்ளையை அனுப்புகிற நம் உரிமை. அடுத்த பெற்றோர் கூட்டத்திலே தேர்ச்சி விகிதம் என்ன என்று கேட்பதோடு நிற்காதீர்கள். “என் பிள்ளை தானாக எழுதிய கட்டுரையைக் காட்டுங்கள்” என்றும் கேளுங்கள்!